எந்த இன்ஹேலர் நல்லது? இழுத்துக் காட்டினால் தெரியும்!

ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். வயது 65. நாற்பது ஆண்டுகள் விறகு அடுப்பின் முன் உட்கார்ந்து ஊதாங்குழலை ஊதியவர். புகை கண்ணை மட்டுமா எரித்தது? நுரையீரலையும் கெடுத்துவிட்டது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கருவியும், ஒரு டப்பா நிறைய கேப்சூலும் கொடுத்தார்கள். பாட்டி என்ன செய்தார்? காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று தண்ணீர் ஊற்றி விழுங்கினார்!

சிரிக்க வேண்டாம். படித்தவர்கள் நிறைந்த அமெரிக்காவிலும் இப்படி விழுங்கியவர்கள் உண்டு. 2008-ம் ஆண்டில் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. தவறு பாட்டியுடையது அல்ல. கருவியைக் கையில் கொடுத்தவர்கள், அதை எப்படி இழுப்பது என்று காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் தவறு.

நேர் எதிரான இரண்டு

இன்ஹேலரில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, அமுக்கினால் பீச்சும் பம்ப். இது 1956-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜார்ஜ் மெய்சன் என்ற மருந்துக் கம்பெனித் தலைவரின் மகளுக்கு ஆஸ்துமா. அவளுக்கு வயது 13. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல தன் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று கேட்டாள். சிறுமி கேட்ட கேள்விதான் பம்ப் ஆயிற்று!

இன்னொன்று, பொடி வகை. கேப்சூலைக் கருவிக்குள் போட்டு, திருகியோ அமுக்கியோ உடைத்து, உள்ளே இருக்கும் பொடியை வாயால் இழுக்க வேண்டும்.

இங்கேதான் குழப்பம். பம்ப் என்றால் முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அமுக்க வேண்டும். பொடி என்றால் மெதுவாக இழுத்தால் பயனில்லை. வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொடி கருவியிலேயே தங்கிவிடும். பம்பை வேகமாக இழுத்தாலோ, மருந்து தொண்டையில் போய் அடிக்கும். இரண்டிலும் இழுத்த பிறகு 10 வினாடி மூச்சை அடக்க வேண்டும்.

ஒரே நோயாளிக்கு ஒரு மருந்தைப் பம்பிலும் இன்னொரு மருந்தைப் பொடியிலும் எழுதிக் கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆளுக்கு ஏற்ற கருவி

ஆகவே, எந்த இன்ஹேலர் உயர்ந்தது என்று கேட்பதில் பொருள் இல்லை. யாருக்கு எது ஏற்றது என்றுதான் கேட்க வேண்டும். பலமாக மூச்சு இழுக்க முடிகிற இளைஞனுக்குப் பொடி போதும். மூச்சு தளர்ந்த முதியவருக்கும், சின்னக் குழந்தைக்கும் பம்ப் நல்லது. ஆனால் அமுக்குவதும் இழுப்பதும் அவர்களுக்கு ஒரே நேரத்தில் வராது. அதற்குத்தான் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. பம்பை அதன் ஒரு முனையில் பொருத்தி அமுக்கினால் மருந்து கூட்டுக்குள் நிற்கும். மறு முனையில் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கு முகமூடி வைத்த ஸ்பேசர் கிடைக்கிறது.

ஸ்பேசர் வாங்க வசதி இல்லாத இடத்திலும் வழி உண்டு. தென்னாப்பிரிக்க டாக்டர்கள் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு, பம்பைச் செருகி, காற்று கசியாதபடி ஒட்டி, குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கிய ஸ்பேசரைப் போலவே அது வேலை செய்தது! இந்தச் சோதனை முடிவு 1999-ல் வெளியாயிற்று.

"ஆஸ்பத்திரியில் கூட்டம், டாக்டருக்கு நேரம் இல்லை" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லிப் பார்க்க மூன்று நிமிடம் போதும். டாக்டரால் முடியாவிட்டால் நர்ஸ் பார்க்கலாம். மருந்துக் கடைக்காரர் பார்க்கலாம். இந்த மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்தினால், "மருந்து கேட்கவில்லை" என்று நோயாளி ஊசிக்கும் நெபுலைசருக்கும் அலைவார்.

வீண் பயம்

இன்ஹேலர் என்றாலே "கடைசிக் கட்டம்", "பழகிவிடும்" என்று அஞ்சுகிறவர்கள் நிறையப் பேர். கணக்கைப் பார்க்கட்டும். சல்புடமால் மருந்து பம்பை ஒருமுறை அமுக்கினால் 100 மைக்ரோகிராம் வரும். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது அதைப்போல் 40 மடங்கு! அத்தனையும் உடம்பெல்லாம் சுற்றும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலரோ நேராக நுரையீரலுக்குப் போகிறது.

ஆனால் சல்புடமால் மட்டும் போதும் என்று ஆஸ்துமாக்காரர் இருந்துவிடக் கூடாது. அது இரைப்பை அப்போதைக்குத் தணிக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு மருந்தும் சேர வேண்டும் என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா நிபுணர் குழு 2019-ல் சொல்லிவிட்டது. அந்த மருந்தை இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் படியும்.

நமது பாட்டிக்கு ஏற்றது பம்பும் ஸ்பேசரும். பேத்தி அமுக்கினால் பாட்டி இழுத்துக்கொள்வார். அடுத்த மாதம் கடைக்காரர், "அதுவும் இதுவும் ஒன்றுதான் அம்மா" என்று மறுபடியும் கேப்சூல் டப்பாவை நீட்டினால், பேத்தி அதை வாங்காமல் சீட்டோடு டாக்டரிடம் திரும்பிப் போக வேண்டும்.