அரிப்பு அசுத்தத்தால் வருவதல்ல

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்றோம். ஆனால், அந்தச் சொல்லோடு சேர்ந்து வந்த 'சுத்தமில்லாதவர்கள்' என்ற பழி இன்னும் போகவில்லை. அது நம் பெண்களின் உடம்பில் நோயை வளர்க்கிறது.

கூடங்குளம், ராதாபுரம் பக்கம் பீடி சுற்றுகிற, சித்தாள் வேலைக்கும் காட்டு வேலைக்கும் போகிற பெண்களிடம் தனியே பேசினால் இதைக் கேட்கலாம். பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல், திரிந்த பால்போல வெள்ளைப்படுதல். மாத்திரை போட்டால் அடங்கும், மறுபடி வரும். யாரிடமும் சொல்வதில்லை. 'நம்ம சுத்தம் போதவில்லை' என்று எண்ணி, சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்வரை கழுவுகிறார்கள். அதனாலேயே எரிச்சல் கூடுகிறது.

உண்மை வேறு. காண்டிடா என்ற பூஞ்சை இயல்பாகவே நம் உடம்பில் வாழ்வது. காக்கும் நல்ல கிருமிகள் குறைந்தாலோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தாலோ அது பெருகுகிறது. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரும். இதில் சாதியும் இல்லை, ஒழுக்கமும் இல்லை. கணவர் சந்தேகப்படவும் காரணமில்லை. பெரும்பாலும் கணவருக்குச் சிகிச்சையே தேவைப்படாது.

ஆண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. கட்டுப்படாத சர்க்கரை நோய் பூஞ்சைக்குத் தீனி. அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிடுவது, கர்ப்பம், ஸ்டீராய்டு மருந்து, ஹெச்ஐவி ஆகியவையும் காரணமாகலாம்.

கடையில் வாங்கும் ஒற்றை மாத்திரை இதற்குப் போதாது. மருத்துவர் பரிசோதித்து உறுதிசெய்தபின், முதல் வாரத்தில் இடைவெளி விட்டு மூன்று மாத்திரையும், அதன்பின் வாரம் ஒன்றாக ஆறு மாதமும் புளூகோனசோல் கொடுப்பது வழக்கம். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைத் தாமாகச் சாப்பிடக் கூடாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மருந்து உண்டு. வெள்ளைப்படுதல் எல்லாமே பூஞ்சையும் அல்ல. துர்நாற்றம், அடிவயிற்று வலி, காய்ச்சல், இரத்தம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிப்புக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு தடவுவது நோயை மறைத்துப் பெருக்கும். பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே ஒன்றிய அரசு விதி செய்திருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். பருத்தி உள்ளாடை நல்லது. நனைந்த உடையை உடனே மாற்ற வேண்டும். உள்ளாடையையும் மாதவிலக்குத் துணியையும் மற்றத் துணிக்கு அடியில் ஒளித்துக் காயப்போடாமல் வெயிலில் போட வேண்டும். ஆனால், வேலையிடத்தில் மாற்றுவதற்கு மறைவான இடம் எங்கே? கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-லேயே பணியிடத்தில் கழிப்பறை வேண்டும் என்றது. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமோ குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி என்று பட்டியலிட்டது. அதில் கழிப்பறை இல்லை. அணுமின் நிலையத்தில் 3 முதல் 6 வரையிலான உலைகளின் கட்டுமானம் நடக்கிற நம் வட்டாரத்திலும் ஒப்பந்த வேலைக்குப் போகும் பெண்கள் இந்தக் கேள்வியை உரிமையோடு கேட்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டு வாசலுக்கு வருகிறது. வரும் பெண் தன்னார்வலர்கள், 'அரிப்பு அடிக்கடி வருகிறதா?' என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் எத்தனையோ பேர் வாய் திறப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெண் மருத்துவரும் திரையிட்ட தனி இடமும் வாரத்தில் ஒரு நாளாவது இருக்க வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்வோம். கல்லூரியில் படிக்கும் தங்கைகள் மனு எழுதிக் கொடுங்கள். அம்மாவையும் அத்தையையும் சர்க்கரைப் பரிசோதனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். வெட்கப்பட நாம் எந்தத் தவறும் செய்யவில்லை.