மூன்றாம் வரிசையைப் பாருங்கள்

பல்கலைக்கழக நடனத் துறை ஒன்றில் பரதநாட்டியச் செய்முறை வகுப்பு. இருபது மாணவிகள் அரைமண்டியில் நிற்கிறார்கள். தட்டுமனையில் கழி விழ, நாட்டடவு தொடங்குகிறது. முதல் வரிசைக்காரர்கள் ஐந்தாறு வயதிலிருந்தே ஆடிவருபவர்கள். பார்க்கக் கண் நிறைகிறது. ஆசிரியை எழுந்து மூன்றாம் வரிசைக்குப் போகிறார். அங்கே ஒரு பெண்ணின் பாதங்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்க, முழங்கால்கள் முன்னோக்கி மடிந்திருக்கின்றன. "பாதத்தை வலிஞ்சு திருப்பாதேம்மா. இடுப்பிலேருந்து திருப்பு. எவ்வளவு வருதோ அவ்வளவு போதும், முட்டி பாதத்துக்கு நேரா இருக்கட்டும்" என்கிறார். அவளுடைய அரைமண்டியின் அகலம் கொஞ்சம் குறைகிறது. முகத்தில் இருந்த வலியும் குறைகிறது.

கற்பித்தல் என்பது அந்த இரண்டு நிமிடம்தான். ஆனால், அதைக் குறித்துவைக்க நம் மதிப்பீட்டுப் படிவங்களில் இடமில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், பதவி உயர்வுக்காகக் கற்பித்தலை அளக்கும் விதத்தைப் பாருங்கள். ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை விழுக்காடு எடுத்தார் என்பதே கணக்கு. 80-உம் அதற்கு மேலும் என்றால் 'நன்று'. 70-க்குக் குறையாமல் இருந்தால் 'திருப்தி'. அதற்கும் கீழே என்றால் 'திருப்தியில்லை'. ஆசிரியர் வகுப்புக்கு வந்தாரா என்பதை இது சொல்லும். வந்து என்ன செய்தார் என்பதைச் சொல்லாது. ஆய்வுக்கோ தனிப் புள்ளிப் பட்டியலே உண்டு: கலைப்புலத்தில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 புள்ளி. மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் மூன்றாம் வரிசைப் பெண்ணுக்குச் செலவிடுவதா, கட்டுரை எழுதுவதா? ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை விதியே முடிவு செய்துவிடுகிறது.

பரதநாட்டியத்தின் வரலாறு இதற்கு நேர் எதிரானது. நடனக் கலைஞர் ருக்மிணி தேவிக்குக் கற்பித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் பாலசரஸ்வதியை உருவாக்கிய கந்தப்ப பிள்ளையும் மேடையில் ஆடிப் புகழ் பெற்றவர்கள் அல்லர். ஆய்வேடு எழுதியவர்களும் அல்லர். அவர்களுடைய வித்தை மாணவியின் உடலில்தான் தெரிந்தது. நன்றாக ஆடுவது ஒரு திறமை, நன்றாக எழுதுவது இன்னொன்று, கற்பிப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் அளந்துவிட்டு மூன்றாவதையும் அளந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

மாணவர்களிடமே கேட்டுவிடலாமே என்பார்கள். கேட்கத்தான் வேண்டும், எதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்ற பெயரில் விரிவுரையாற்ற வைத்தார்கள். பேச்சில் சரக்கு இல்லை. பேசிய விதத்தில் கவர்ச்சி இருந்தது. படித்த அவையே நல்ல மதிப்பெண் போட்டது. 2018-இல் கனடாவின் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில், கற்பித்தல் திறனை அளக்க மாணவர் மதிப்பீடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று நடுவர் தீர்ப்பளித்தார்.

நடனத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. நமஸ்காரம் செய்து தொடங்கும் வகுப்பில், குருவைக் குறை சொல்ல வாய் வருமா? மேடை வாய்ப்பும் பரிந்துரையும் அவர் கையில்தான் இருக்கின்றன. நடனக் கல்வி நிறுவனமான கலாக்ஷேத்ரா பல்கலைக்கழகம் அல்ல என்றாலும், 2023-இல் அதன் மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார்களோடு வளாகத்தில் போராட்டத்தில் அமர்ந்ததை மறக்க முடியாது. பயமில்லாமல் பேச ஒரு வழி இல்லாத இடத்தில் படிவம் வெறும் காகிதம். எனவே, "ஆசிரியர் எப்படி?" என்று கேட்க வேண்டாம். "இந்த மாதம் உங்கள் அடவை எத்தனை முறை திருத்தினார்? தொட்டுத் திருத்தும் முன் கேட்டாரா? வலி என்றபோது என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பதில்கள் பெயரின்றி, துறைக்கு வெளியே போகட்டும்.

ஆண்டுவிழா மேடையை வைத்து மதிப்பிடுவதும் ஏமாற்றும். அங்கே வர்ணம் ஆடுகிற மாணவி பெரும்பாலும் சேரும்போதே அரங்கேற்றம் முடித்தவள். அவளுடைய முந்தைய குருவின் உழைப்பைத் துறை தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. சேர்ந்த முதல் வாரத்தில் எல்லா மாணவிகளையும் ஒரே அடவை மூன்று காலத்திலும் ஆடவைத்துப் படம் பிடியுங்கள். பருவ முடிவில் அதே அடவை மீண்டும் படம் பிடியுங்கள். ஒரு கைப்பேசி போதும். வேறு பாணியைச் சேர்ந்த இருவர் அவற்றைப் பார்க்கட்டும். அவர்களே பருவத்தில் இரண்டு முறை வகுப்பிலும் வந்து உட்காரட்டும். பந்தநல்லூர் பாணிக்காரர் வழுவூர் பாணி வகுப்பைப் பார்த்தால் 'எங்கள் கை இப்படி இல்லை' என்பதைத் தாண்டி, தாளம் நிற்கிறதா, கால் சுத்தமாக விழுகிறதா, அபிநயம் மாணவியின் சொந்த மனத்திலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

"குருவை எடைபோட நாம் யார்?" என்று கேட்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. குருகுலத்தில் மாணவி குருவைத் தேடிப் போனாள். குரு அவளை ஏற்றுக்கொண்டார். ஆனால், பல்கலைக்கழகத்தில் இருவரையும் சேர்த்துவைப்பது கால அட்டவணை. சம்பளம் பெரும்பாலும் மக்கள் பணம். மாணவி தேர்ந்தெடுக்காத குருவுக்காக நிறுவனம்தான் பொறுப்பேற்க வேண்டும்.

இன்னொரு தேர்வையும் சேர்ப்பேன். நடனப் பட்டதாரிகளில் பலர் பிழைப்புக்காகத் தங்கள் தெருவிலேயே வகுப்பு தொடங்குகிறவர்கள். ஆகவே, இறுதியாண்டு மாணவி ஒருத்தியிடம் புதிதாக வந்த ஒரு குழந்தையை ஒப்படைத்து, தட்டடவு சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தையின் முட்டி முன்னால் மடியும்போது அவள் அதைக் கவனிக்கிறாளா? பாதத்தை வலிந்து திருப்பாதே என்கிறாளா? ஆம் என்றால், மூன்றாம் வரிசைக்கு யாரோ நடந்து போயிருக்கிறார். அவருக்குப் பதவி உயர்வு கொடுங்கள்.