மலை பொம்மையாகலாமா?



பட்டர்வொர்த் பெர்ரித் துறையில் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள். பினாங்குக் கொடிமலை நீலம் பாரித்து வெளிறித் தெரியும். அது இடையிலுள்ள காற்றின் வேலை. மலையின் நிறம் வெளிறுமே தவிர, உருவம் கலங்குவதில்லை.

செபராங் பிறையில் துண்டாடப்பட்ட தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பாட்டி பால் வெட்டிய நிரையைப் பேரப்பிள்ளை கணினியில் உருவாக்கிக் காட்டினால், அந்தக் குடும்பத்துக்கு அதுவே பெரிய சொத்து. ஆனால் கணினி அருகையும் தொலைவையும் ஒரே கூர்மையில் வரைந்துவிடும். கண் எதில் நிற்பதென்று தடுமாறும்.

இதற்கு வழி உண்டு. காட்சியோடு ‘ஆழப் படம்’ ஒன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். அதில் அருகிலுள்ளது கறுப்பு. தொலைவு கூடக் கூட வெள்ளை. காசில்லாமல் கிடைக்கும் ‘கிம்ப்’ என்ற மென்பொருள் 1996-இல் வெளிவந்தது. அதில் 2020 முதல் ‘லென்ஸ் பிளர்’ என்ற கருவி உண்டு. ஆழப் படத்தை அதற்கு வழிகாட்டியாகக் கொடுத்தால், வெள்ளைக்கேற்ப மங்கல் கூடும். முன்னே பால் மங்கு தெளிவாக நிற்க, பின்னே மரங்கள் மெல்லக் கரையும்.

அளவுதான் முக்கியம். கேமரா மிக அருகில் வைத்த சிறு பொருளை எடுக்கும்போதுதான் பின்னணி அதிகம் கலங்கும். ஆகவே, மங்கலை அள்ளிக் கொட்டினால் நம் கண் மலையையும் பொம்மையென்றே எண்ணிவிடும். தொலைவுக்கு முதலில் வெளிர்நீலம் பூசுங்கள். பிறகு, குழம்புக்கு உப்புப் போடுவதுபோல் மங்கலைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேருங்கள்.

படத்தைப் பார்த்ததும், “இது என் நிரைதான்” என்று பாட்டி சொல்ல வேண்டும். பொம்மைத் தோட்டத்தைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லமாட்டார்.