புல்லட்டை அறுக்காதீர்கள்!

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் இட்லி மாதிரி வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் சில பைக் பிரியர்களுக்கு அது போதாது. 1950, 60-களின் திருவொற்றியூர் புல்லட்தான் வேண்டுமாம். வாங்கி? மட்கார்டைக் கழற்றி, ஹெட்லைட்டைப் பிடுங்கி, ஃபிரேமின் பின்பக்கத்தை அறுத்து, பட்டன் டயர் மாட்டி, "பீச் ரேஸர்" என்று பெயர் வைக்க! வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரையில் பழைய வண்டிகள் பறக்கும் வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை.

கேட்டால் உடனே பர்ட் மன்றோ பெயர் வரும். நியூசிலாந்துக்காரர். 1920-ம் வருட இண்டியன் ஸ்கவுட்டைக் கொட்டகையில் வைத்தே மாற்றி மாற்றி, ஒரெட்டி கடற்கரையில் ஓட்டிப் பார்த்து, 1967-ல் அமெரிக்காவின் போன்வில் உப்புத்தரையில் மணிக்கு 295 கி.மீ. வேகத்தில் சாதனை படைத்தவர். "அவர் மட்டும் அறுக்கவில்லையா?" என்பார்கள்.

அறுத்தார். ஆனால் அவர் வாங்கும்போது அந்த வண்டி புதுசு! 1926-ல் கைவைக்க ஆரம்பித்தபோது அதற்கு ஆறே வயது. அவர் பழம்பொருளை ரேஸ் வண்டியாக்கவில்லை. ரேஸ் வண்டி அவர் கையிலேயே பழசானது. இரண்டும் ஒன்றா?

"துருப்பிடித்துக் கிடப்பதற்கு ஓடட்டுமே" என்பது அடுத்த வாதம். ஓடட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் துருவுக்குப் பயந்து உப்புத்தண்ணீரில் இறக்குவது என்ன வைத்தியம்? சட்டமும் இதற்கு உதவாது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு உண்டு. அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். ஃபிரேமை அறுத்தால் அந்த அந்தஸ்து போச்சு.

அடுத்தது கடற்கரை. ஜனவரி முதல் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. 1988-ல் இருந்து மாணவர்கள் ராத்திரி முழுக்க மணலில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அதே மணலில் பட்டன் டயரா? அதுபோக, வலை காயப்போடும் மீனவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

ரேஸ் ஆசை தப்பில்லை. அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் 2000-களின் கடைசி வரை வந்தது. ஆகவே 90-களின் புல்லட் ஒன்றைப் பிடித்து அறுக்கலாம், கம்ப்ரஷனை ஏற்றலாம், ஸ்பிராக்கெட் மாற்றலாம். ரோட்டில் மட்டும் ஓட்டக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு விடாது. லாரியில் ஏற்றிப் பந்தயக் களத்துக்குக் கொண்டுபோகலாம். ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில், இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் இருந்தே களம் இருக்கிறதே!

அறுத்த ஃபிரேமை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம். ஒரகடத்தில் நாளைக்கும் புது வண்டி வரும். 1960-ம் வருட வண்டி மட்டும் இனி ஒன்றுகூட வராது.