வயலினா? பிடிலா?

வயலினுக்கும் பிடிலுக்கும் என்ன வித்தியாசம்? கருவி ஒன்றேதான். அதே நாலு தந்தி, அதே வில். ஆனால் அயர்லாந்தில், கச்சேரி மண்டபத்தில் தாளைப் பார்த்து வாசித்தால் வயலின். கிராமத்து நடனத்துக்குக் காதால் கேட்டுப் பழகி வாசித்தால் பிடில்!

இரண்டையும் வாசித்தவர் கார்க் மாவட்டத்து நோலிக் கேசி. முறைப்படி வயலின் கற்று, 19 வயதிலேயே கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் இசைப் பட்டம் வாங்கினார். அயர்லாந்து வானொலியின் சிம்பொனி இசைக்குழுவில் ஐந்து வருடம் வாசித்தார். பிறகு கிராமிய இசைக்கே வந்துவிட்டார். கணவர் ஆர்ட்டி மெக்லினின் கிதாரோடு சேர்ந்து 1989-லும் 1995-லும் இசைத்தொகுப்புகள் வெளியிட்டார்.

இதைச் சொன்னதும் விடுதி நண்பன், "படிச்ச படிப்பெல்லாம் வீணாப் போச்சேடா!" என்றான். வீணாகவில்லை என்பதே என் கருத்து.

சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீல், 1903-ல் 1,850 ஐரிஷ் மெட்டுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். பெரிய வேலைதான். ஆனால் தாளில் இருப்பது எலும்புக்கூடு. ஒரு சுரத்தைச் சுற்றி விரல் போடும் சுழிப்பு, வில்லை எங்கே அழுத்துவது என்பதெல்லாம் அதில் வராது. டோனகல் வில் ஒரு மாதிரி, ஸ்லைகோ வில் வேறு மாதிரி. சிம்பொனியில் ஒரு பிரிவு வயலின்கள் எல்லாம் ஒரே பக்கம் வில்லை இழுக்க வேண்டும். பிடிலிலோ அதே மெட்டை இரண்டாம் தடவை கொஞ்சம் மாற்றி வாசிப்பதுதான் அழகு. பட்டம் வாங்கியவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

கிராமத்து மெட்டு மட்டமா என்ன? கார்க்கிலுள்ள மாலோ என்ற ஊரின் பெயரைக் கொண்ட ஐரிஷ் மெட்டில்தான் நம் முத்துசுவாமி தீட்சிதர் 'வந்தே மீனாக்ஷி'யை அமைத்தார். பெரிய வித்வானுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

என்னையே சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா கொத்தனார். முதல் வருட லீவில், ஆட்கள் முன்னாடியே, "சிமெண்ட் ஒண்ணு, மணல் ஆறு. அளந்து போடணும்ப்பா" என்று அதட்டினேன். அப்பா மணலைக் கையில் பிடித்துப் பார்த்து, "ஈர மணல் ஏமாத்தும்டா. இன்னும் ஒரு சட்டி போடு" என்றார். நான் சிரித்தேன். கூட நின்ற சித்தாளும் சிரித்தாள். அப்பா ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் வருடப் புத்தகத்தில் அதே பாடம் வந்தது: ஈரத்தில் மணல் உப்பும், கன அளவில் அளந்தால் கூடுதலாகப் போட வேண்டும் என்று! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிப்ளமோவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நோலிக் கேசியும் பழகிய விரலைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லையே! படிப்போடு போய், படிக்காதவர் பக்கத்திலும் உட்காருவோம். இந்த லீவில் நான் கரண்டி பிடிக்கப் போகிறேன். அப்பாவிடம் மன்னிப்பும் கேட்கணும்.

- இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்