சிகரம் மட்டுமே சிறப்பா?

கினாபாலு பூங்காவிற்குக் கல்விச் சுற்றுலா என்றதும் மாணவர்களின் நினைவுக்கு வருவது 4,095 மீட்டர் உயரச் சிகரமே. மலையேற்றம் மன உறுதியை வளர்க்கும் என்பது உண்மைதான். ஆயினும், 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அப்பூங்காவை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது, அதன் உயிரின வளத்திற்காகவே.

அங்கு வளரும் ஒருவகைக் குடுவைத் தாவரத்தின் மூடியில் இனிய சாறு சுரக்கிறது. அதை நக்க வரும் மர மூஞ்சூறின் கழிவு குடுவைக்குள் விழுகிறது. வளம் குன்றிய மண்ணில் அதுவே செடிக்கு உரம். இத்தகைய உறவுகள் நின்று கவனிப்பவருக்கே புலப்படும். விரைந்து ஏறுபவருக்கு அல்ல.

மேலும், உச்சிவரை ஏற இயலாத மாணவரும் சுற்றுலாவினால் பயன்பெற வேண்டும். எனவே, கல்விச் சுற்றுலாவின் பயனை ஏறிய உயரத்தால் அன்றி, கற்றறிந்த செய்திகளால் அளவிடுவதே முறையாகும்.