எத்தனிடத்து ஏன் இத்தனை பிரியம்?

ஊரை ஏய்ப்பவன் ஒருவனை நேரிலே கண்டால் பொலிசுக்கு அறிவிக்க விரையும் நாம், அவனையே தொலைக்காட்சித் திரையிற் கண்டால் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்கிறோம். இந்த விநோதத்தைப் பிரித்தானியர் ஒரு கலையாகவே வளர்த்துவிட்டனர்.

1979 ஆம் ஆண்டிலே தொடங்கிய 'மைன்டர்' என்னும் தொடரில் ஆதர் டேலி என்றொரு வியாபாரி வருவான். ஜோர்ஜ் கோல் என்னும் நடிகர் ஏற்ற பாத்திரம் அது. தலையிலே தொப்பி, வாயிலே சுருட்டு, கிடங்கிலே 'எங்கிருந்து வந்தது?' என்று கேட்கக் கூடாத சரக்கு. 1981 இல் வந்த 'ஒன்லி பூல்ஸ் அன்ட் ஹோர்சஸ்' நாடகத்தின் டெல் பாயும் அதே குலத்தவனே. 1996 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒளிபரப்பான அதன் ஒரு பாகத்தை 2 கோடியே 43 இலட்சம் பேர் பார்த்தனர். இவர்கள் பெரும்பாலும் தாம் வெட்டிய குழியிலே தாமே விழுந்தவர்கள். ஆதலால் நாம் சிரித்ததில் அவ்வளவு பாவமில்லை.

2004 இல் பி.பி.சி. வழங்கிய 'ஹசில்' வேறு வகையைச் சேர்ந்தது. ரொனி ஜோர்டன் படைத்த இத்தொடர் 2012 வரை 48 பாகங்களாக வெளிவந்தது. ஏட்ரியன் லெஸ்டர் தலைவன் மிக்கியாகவும், ரொபேட் வோன் பழம் தின்று கொட்டை போட்ட அல்பேட்டாகவும் நடித்தனர். நல்ல உடை, நயமான பேச்சு, ஒருவரையொருவர் காட்டிக்கொடாத நட்பு யாவும் அக்கூட்டத்தாரிடம் உண்டு. நானும் அவர்களுக்கு அடிமையானேன் என்பதை மறைப்பானேன்?

அவர்களுக்கு ஒரு நெறியும் உண்டு. நேர்மையானவனை ஏமாற்ற முடியாது. பேராசைக்காரனே வலையில் விழுவான் என்பது அது. ஆகவே வாரந்தோறும் நம் முன் நிறுத்தப்படும் இரை, பிறர் வயிற்றில் அடித்துப் பணம் சேர்த்த ஒரு கயவனாகவே இருப்பான். அவன் பணம் பறிபோவதை நாம் நியாயத் தீர்ப்பாகவே கொண்டாடுகிறோம். தொடர் நடந்துகொண்டிருந்த 2008 ஆம் ஆண்டிலே, பெரிய வங்கிகள் சரிந்து, பொதுமக்களின் பணத்தைக் கொண்டு அரசு அவற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. நீதிமன்றம் தொடாத கோடீசுவரனை எத்தனாவது தொடுகிறானே என்ற ஆறுதலை அக்காலத்து மக்கள் விரும்பியதில் வியப்பில்லை.

இன்னோர் உத்தியும் உண்டு. சில வேளைகளில் காட்சி முழுவதும் உறைந்து நிற்கும். கூட்டத்தார் மட்டும் நம் பக்கம் திரும்பிச் சூழ்ச்சியை விளக்குவர். அக்கணமே நாமும் கூட்டாளிகளாகிவிடுகிறோம். ஆயினும், ஒரு முக்கியமான செய்தியை இறுதிவரை மறைத்து வைத்து நம்மையும் ஏமாற்றுவார்கள். அதற்கும் கைதட்டுகிறோம்!

ஆனால் அக்கூட்டத்தார் வழக்கமாகக் கூடும் மதுக்கடையின் உரிமையாளன் எடியை நினைத்துப் பாருங்கள். எவருக்கும் தீங்கு நினையாத அந்த அப்பாவியை, குடித்ததற்குக் காசு கொடாமல் அவர்கள் அடிக்கடி ஏய்க்கிறார்கள். நெறி எங்கே போயிற்று? அது நகைச்சுவைக் காட்சி என்பதால் நான் பல வருடங்கள் அதைக் கவனிக்கவேயில்லை.

கவனிக்க வைத்தவர் ஓர் ஆங்கிலேய முதியவர். 2022 இல் நான் இலண்டனிலே உறவினர் வீட்டிற் சில மாதம் தங்கியிருந்தேன். அயல்வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் தொலைபேசியில் அவரை அழைத்து, அவர் கணக்கிலே கள்வர் கைவைத்துவிட்டனர், பணத்தை உடனே பாதுகாப்பான வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள் என்றானாம். மிக மரியாதையாகப் பேசினானாம். அவர் மாற்றினார், ஆயுட்காலச் சேமிப்பிற் பெரும்பகுதி போயிற்று. இதில் எங்கே பேராசை? உள்ளதைக் காக்க வேண்டும் என்ற பயமும், மனிதர் சொல்லை நம்பும் பழக்கமுமே அங்கே இருந்தன.

தோட்டத்து மதிலருகே நின்று அவர் இதைச் சொன்னபோது, "அதை எப்படி நம்பினீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வி என்னுடையதன்று; 48 பாகங்கள் எனக்குக் கற்பித்தது. நம் மொழியிலும் பாருங்கள்: 'எத்தனுக்கு எத்தன்' என்பதில் ஒரு மெச்சுதல் இருக்கிறது, 'ஏமாளி' என்பதில் ஏளனமன்றி வேறில்லை.

பிரித்தானியாவில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் மோசடிக்காரர் கொண்டுபோன தொகை ஏறத்தாழ 117 கோடி பவுண் என்று வங்கித் துறையினரே கணக்கிட்டனர். அதே ஆண்டு பி.பி.சி.யில் வந்த, 'பின்வருவன ஒரு பொய்மூட்டையைத் தழுவியவை' என்று பொருள்படும் பெயருடைய நாடகம், கதையை ஏமாற்றப்பட்ட பெண்களின் பக்கம் நின்று சொன்னது. அதிலும் எத்தன் இனியவனே. ஆனால் அவ்வினிமை நம்மை நடுங்க வைக்கிறது. 2024 ஒக்ரோபர் 7 முதல், இவ்வாறு ஏய்க்கப்பட்டுப் பணத்தை அனுப்பியவர்களுக்கு 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். மிகுந்த கவனயீனம் காட்டியவருக்கு மட்டும் மறுக்கலாம் என்றொரு விலக்கும் அதில் உண்டு.

முன்னர் நடந்தவற்றுக்கு இவ்விதி பொருந்தாது. அந்த ஆசிரியர் பணத்தை இழந்து நான்கு வாரம் கழித்தே பொலிசுக்கு முறையிட்டிருக்கிறார். அதுவரை சொந்த மகளிடம்கூட வாய் திறக்கவில்லை. அவர் முதலிற் சொன்னது என்னிடந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். நான் ஊர் திரும்பும்வரை அவர் அந்த மதிலருகே மறுபடி வரவில்லை.